யார் கை மாத்திரை

வெள்ளையின் லாண்டரியில் ஒரு படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டு பேரும் அவசியமில்லாமல் ஒருத்தியோடு ஒருத்தி பேசமாட்டார்கள். ஒருத்தி வெள்ளையின் மனைவி, இன்னொருத்தி வெள்ளையின் அக்கா. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, நடுவாக மடித்து, எதிரெதிரே நடந்து வருவார்கள். மனைவி தன் முனைகளை அக்கா கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள். நாள் முழுக்க ஒருத்தி மூக்குக்கு முன்னால் ஒருத்தி வந்து நின்றாலும் கண் மட்டும் சந்திக்காது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கொஞ்ச நாள் வேடிக்கை பார்ப்பார்கள். பிறகு அவர்களுக்கும் பழகிவிடும்.

வெள்ளை என்பது அவருடைய பெயரில்லை, அவருடைய பைத்தியம். ஓட்டல்காரர், "போதும்ப்பா, படுக்கறவன் கண்ணை மூடிக்கிட்டுத்தானே படுக்கப்போறான்" என்று சொன்னாலும், விரிப்பில் மங்கலாக ஒரு டீக்கறை தெரிந்தால் திரும்பவும் துவைக்கிற டிரம்மில் போடுவார். துணிக்குக் கஞ்சி காய்ச்சுகிற வேலையை யாரிடமும் விடாமல் தானே வைத்துக்கொண்டதால் அவர் மனைவிக்குக் கஞ்சியம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. அக்காவுக்கு மட்டும் பட்டப்பெயர் கிடையாது. எல்லாருக்கும் அவள் அக்கா. ஈர விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டுத் தேய்த்தெடுக்கிற உருளைக்காரர் அவளைவிட வயதில் மூத்தவர். அவருக்கும் அக்காதான்.

"ஊருக்கெல்லாம் அவங்க அக்கா. நான் மட்டும் கஞ்சி" என்பாள் கஞ்சியம்மா. சிரித்துக்கொண்டு சொல்வது போலத்தான் இருக்கும். அது சிரிப்பில்லை என்று வெள்ளைக்குத் தெரியும்.

அப்பா அம்மா போன பிறகு வெள்ளையை வளர்த்தது அக்காதான். வீடு வீடாகத் துணி வாங்கி வந்து துவைத்துத் தேய்த்துக் கொடுத்து, தனக்கென்று ஒரு கல்யாணத்தைக்கூட நினைக்காமல், தம்பியை ஆளாக்கினாள். தம்பிக்குக் கல்யாணம் ஆன மறுவாரமே, "சின்னஞ்சிறுசுங்க இருக்கற வீட்டுல நான் எதுக்குக் குறுக்க?" என்று சொல்லிவிட்டு லாண்டரிக்கு மேலே இருந்த அறைக்குக் குடிபோய்விட்டாள். என்ன பெருந்தன்மை என்று தெருவே மெச்சியது. கஞ்சியம்மாவும் மெச்சினாள், கொஞ்ச நாளைக்கு. அப்புறம்தான் விஷயம் விளங்கியது. விடிந்தால் லாண்டரிக்குப் போகிற வெள்ளை இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவார். வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். "பேசற மனுஷன் அவங்களுக்கு, குறட்டை விடற மனுஷன் எனக்கு" என்று பொருமினாள். குழந்தையும் பிறக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட லாண்டரியே மேல் என்று ஒரு நாள் கொண்டையை முடிந்துகொண்டு வந்து நின்றாள். அன்றைக்கு அடுப்பில் ஏற்றிய கஞ்சியை இன்னும் இறக்கவில்லை.

போன வருஷம் வெள்ளைக்கு நெஞ்சுவலி வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது, மிச்சமிருப்பது அரைப் பலத்தோடுதான் வேலை செய்யும் என்று சொல்லி மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை முக்கியம். இதயத்தை அதிகம் ஓடவிடாமல் நிதானமாக நடக்கவைக்கிற மாத்திரை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

அன்று முதல் கஞ்சியம்மாவுக்கு ஒரு புது அதிகாரம் வந்தது. காலைச் சாப்பாடு முடிந்ததும் தண்ணீர் டம்ளரோடு எதிரே வந்து நிற்பாள். மாத்திரையை அவர் கையில் கொடுக்கமாட்டாள். தன் விரலாலேயே நாக்கில் வைப்பாள். கல்யாணமான புதிதில்கூட அந்த மனிதர் அவளுக்கு இப்படி வாயைத் திறந்து காட்டியதில்லை. புருஷனுக்கு நெஞ்சுவலி வந்ததற்குச் சந்தோஷப்பட்டாள் என்று சொன்னால் பாவம். ஆனால் அந்த ஒரு நிமிஷம் அவளுக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஒரு தடவை உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனபோது மாத்திரை அட்டையைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வருவதற்குள் வெள்ளைக்கு அன்றைய மாத்திரை தவறிவிட்டது. யாராயிருந்தாலும் நடக்கக்கூடிய மறதி. ஆனால் அக்காவுக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. உருளைக்காரரிடம் சொன்னாள், துணி கொண்டுவந்த ஓட்டல் பையனிடம்கூடச் சொன்னாள். மறுநாளே மருந்துக்கடைக்குப் போய் அதே மாத்திரையில் ஓர் அட்டை வாங்கி வந்தாள்.

"இந்தா, டீக்கு முன்னாடி இதப் போட்டுக்கோ."

"காலைல வீட்டுலயே..." என்று வெள்ளை இழுத்தார்.

"வீட்டுல போட்டியோ இல்லியோ. அவ நினைச்சா குடுப்பா, மறந்தா மறந்துடுவா. உன் உசுரு அவ ஞாபகத்துலயா தொங்கணும்? வாயத் தொற."

வெள்ளை வாயைத் திறந்தார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது சத்தம் போடும். வெள்ளை அதுவும் போடமாட்டார். காலையில் வீட்டில் ஒன்று, டீக்கு முன்னால் ஒன்று. மாலையில் லாண்டரியிலிருந்து கிளம்பும்போது ஒன்று, வீட்டுக்கு வந்ததும் ஒன்று. நாக்கை நீட்டி நீட்டி வாங்கிக்கொண்டார். அக்கா எறியச் சொல்லிக் கொடுத்த காலி அட்டையைச் சட்டைப் பையில் போட்டு மறந்தும் போனார்.

லாண்டரிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பையையும் வெளியே இழுத்து உதறுவார்கள். ஒரு பேனா டிரம்முக்குள் போனால் நூறு விரிப்பும் நாசம். வீட்டுத் துணியானாலும் கை தானாக அங்கேதான் போகும். அப்படித்தான் ஒரு நாள் வெள்ளையின் சட்டைப் பையை இழுத்து உதறிய கஞ்சியம்மாவின் கையில் காலி மாத்திரை அட்டை ஒன்று விழுந்தது. திருப்பிப் பார்த்தாள். அதே பெயர்தான். வீட்டு அட்டை அலமாரியில் பத்திரமாக இருந்தது. யார் வாங்கியது என்று யோசிக்க அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. டீக்கு முன்னால் அக்கா அவரை ஓரமாகக் கூப்பிடுவது எதற்கென்றும் இப்போது விளங்கியது.

வேறொருத்தியாக இருந்தால் அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள். 'ஐயோ, ரெண்டு பேரும் குடுக்கறோமே' என்று கத்தியிருப்பாள். கஞ்சியம்மாவுக்கு அது மருந்தாகவே தெரியவில்லை. புருஷன் வேறொரு கையால் ஊட்டி வாங்கியது மட்டும்தான் தெரிந்தது. வயிறு எரிந்தது. கேட்கக்கூடாது என்று தீர்மானித்தாள். 'வேணாங்க்கா, என் பொண்டாட்டி குடுத்துட்டா' என்று அவரே தன் வாயால் சொல்லட்டும். அதுவரை நானும் நிறுத்தமாட்டேன், அவள் நிறுத்தட்டும். அட்டையைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு மறுநாள் காலை வழக்கம்போலத் தண்ணீர் டம்ளரோடு போய் நின்றாள். அன்றைக்கு மாத்திரையை நாக்கில் கொஞ்சம் அழுத்தியே வைத்தாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மொட்டைமாடிக் கொடியெல்லாம் காலியாகக் கிடந்தது. லாண்டரிக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி ஈர விரிப்புகளைத் தொங்கவிட்டார்கள். ஒரு ஆள் இன்னொரு ஆளைப் பார்க்க விரிப்பை விலக்கவேண்டியிருந்தது. உலர்த்துகிற எந்திரம் இருந்தது ஒன்றே ஒன்று, அது இரவு பகல் உறுமியது. ஓட்டல்காரர்கள் போனில் கத்தினார்கள். வெளுப்புத்தூள் வாசனையும் ஈர வாசனையும் சேர்ந்து தொண்டையைக் கரகரவென்று பிடித்தன.

வெள்ளையின் நடை மெதுவாகிக்கொண்டே வந்தது. ஒரு மூட்டையை நகர்த்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொள்வார். கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்து கிடந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடி தூங்கினார்.

"வீட்டுல உப்பப் போட்டுக் கொட்டறாங்க போல. காலப் பாரு" என்று அக்கா உருளைக்காரரிடம் சொன்னாள், கஞ்சியம்மா காதில் விழும்படியாக.

"உப்பில்லாம சமைச்சு என் நாக்கே செத்துப்போச்சு. இங்க டீக்கு என்னென்ன நடக்குதோ யார் கண்டா?" என்று கஞ்சியம்மா கஞ்சி அண்டாவிடம் சொன்னாள்.

டீக்கு என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தைதான் அவள் வெளியே விட்டது.

ஒரு காலை நேரம், டிரம்மிலிருந்து ஈர மூட்டையை இழுத்த வெள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. வாயைத் திறந்து திறந்து காற்றை இழுத்தார். நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம். "ஒண்ணுமில்ல" என்று சொல்ல வந்தவர் 'ஒண்' என்பதோடு நிறுத்தி மூச்சுவாங்கினார்.

துணி எடுத்துப்போகிற வண்டியிலேயே ஏற்றினார்கள். உருளைக்காரர் வண்டியை ஓட்டினார். படுக்கவைக்க முடியவில்லை. படுத்தால் மூழ்குகிறவர் போலத் துள்ளி எழுந்தார். துணி மூட்டைகளில் சாய்த்து உட்காரவைத்து இந்தக் கையைக் கஞ்சியம்மாவும் அந்தக் கையை அக்காவும் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு கையும் பிழிந்த துணி போலச் சில்லென்று இருந்தன.

"வேகமாப் போங்க!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அந்த ஒற்றுமை ஆஸ்பத்திரி வாசல்வரைதான்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவில் காவலாளி ஒரே ஒரு பாஸை நீட்டி, "ஒரு ஆளுக்குத்தான். யாரு?" என்றார்.

"நான் அவனோட அக்கா. வளத்தவ."

"நான் பொண்டாட்டி."

காவலாளி தினமும் இதைப் பார்க்கிறவர். ஒரு வார்த்தை பேசாமல் பாஸைக் கஞ்சியம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவளுக்கு அந்தப் பதற்றத்திலும் ஒரு குளிர்ச்சி. கழுத்தில் மாட்டிக்கொண்டு அக்கா பக்கம் பார்க்காமல் உள்ளே போனாள்.

உள்ளே வெள்ளை முகமூடிக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஊசியைப் படுக்கவைத்த மாதிரி ஓர் எந்திரம். அது மருந்தை நூல் நூலாகக் குழாயில் தள்ளிக்கொண்டிருந்தது. அவர் காலைத் தொட்டாள், சூடில்லை. விரிப்பைத் தொட்டாள், சரியாக அலசாத சோப்புப் பிசுக்கு. இந்த மனிதரை இப்படி ஒரு விரிப்பிலா போடுவது என்று அவளுக்கு அழுகை வந்தது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கஞ்சியம்மாவைக் கதவுக்கு வெளியே கூட்டி வந்து பேசினாள். அக்காவும் உருளைக்காரரும் எழுந்து வந்து நின்றார்கள்.

"நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு. அத வெளிய எடுக்க ஊசி போட்டாச்சு. ஆனா இப்பப் பிரச்சினை அது மட்டும் இல்லம்மா. இதயம் சுருங்கித்தானே ரத்தத்த வெளிய தள்ளணும்? அந்தச் சுருங்கற பலம் ரொம்பக் குறைஞ்சுபோச்சு. கை காலுக்கு, கிட்னிக்கு ரத்தம் போகல. அந்தப் பலத்தத் தூக்கிக் குடுக்கத்தான் இப்ப ஒரு மருந்து ஓடிட்டிருக்கு."

"ஓடட்டும் டாக்டர். எவ்வளவு வேணுமோ ஓடட்டும்" என்றாள் அக்கா.

"ஓடுது. அளவையும் கூட்டிட்டோம். கேக்கமாட்டேங்குது. துடிப்பும் ரொம்ப மெதுவா இருக்கு, இவ்வளவு மெதுவா இருக்கக்கூடாது. துடிப்பக் குறைக்கற மாத்திரை சாப்பிடறார்ல, எத்தனை?"

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு" என்றாள் கஞ்சியம்மா.

"அதுக்கு மேல இல்லியே?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். "ஏன் கேக்கறேன்னா, நாங்க குடுக்கற மருந்து இதயத்துல ஒரு கதவு வழியாத்தான் உள்ள போகும். அந்த மாத்திரை அதே கதவச் சாத்தற மாத்திரை. அளவோட இருந்தா நல்லது, இதயத்துக்கு ஓய்வு. அளவு மீறிட்டா, நாங்க எவ்வளவு மருந்து விட்டாலும் வெளிய நின்னு கதவத் தட்டிட்டே இருக்கும். வேற வழியா உள்ள போற மருந்து இருக்கு. ஆனா அது ரத்த அழுத்தத்த எறக்கிடும். இவருக்கு ஏற்கெனவே கம்மி. காரணம் தெரியாம மாத்தினா அதுவே ஆபத்து. உண்மையச் சொல்லுங்க. நேரம் இல்ல."

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஊறுகாய்க்கும் சர்க்கரைக்கும் சொல்லிப் பழகியவர்கள். மாத்திரைக்குச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். அந்தப் பைக்குள் என்ன இருக்கிறதென்று கஞ்சியம்மாவுக்குத் தெரியும். 'அவங்கதான்' என்று ஒரே ஒரு வார்த்தை. அத்தனை வருஷ வழக்கும் இந்த வராந்தாவிலேயே தீர்ந்துபோகும். தம்பியை வளர்த்த அக்கா தம்பியைக் கொல்லப் பார்த்தாள் என்று டாக்டர் வாயாலேயே வந்துவிடும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

வந்த வார்த்தை அங்கேயே நின்றது. அதைச் சொன்னால் இன்னொன்றையும் சொன்னதாகிவிடுமே? என் புருஷன் தினமும் அவளுக்கும் வாயைத் திறந்தான், நான் போதவில்லை என்று இத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொள்வதா? அதற்குப் பதில் தூக்கில் போட்டாலும் பரவாயில்லை. அவள் அக்காவைக் காப்பாற்ற நினைத்தாள் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பொறாமைதான், அப்பட்டமான பொறாமை.

"ரெண்டு மடங்கு போயிருக்கு டாக்டர்" என்றாள். "நான்தான் குடுத்தேன். சீக்கிரம் குணமாகட்டும்னு, காலைல ஒண்ணு, டீக்கு ஒண்ணு. எல்லாம் என் கையாலதான்."

அக்காவின் தலை நிமிர்ந்தது. தப்பித்தோம் என்று பேசாமல் இருந்திருக்கலாம். பெருமூச்சு விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

"டீக்கு நீ குடுத்தியா?"

"ஆமா."

"பொய் சொல்றா டாக்டர். டீக்குக் குடுத்தது நான்."

"அண்ணி, சும்மா இருங்க."

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? என் தம்பிக்கு நான் என் கையால குடுத்தத நீ குடுத்தேன்னு சொல்லுவியா? எல்லாத்தையும்தான் எடுத்துக்கிட்டே. இதையுமா?"

"எத எடுத்துக்கிட்டேன்? நாள் பூரா உங்ககூடத்தான இருந்தார்!"

"இருங்க, இருங்க" என்றாள் டாக்டர். அவளுக்குத் தலை சுற்றியிருக்கவேண்டும். விஷம் வைத்ததை மறுக்கிற குடும்பங்களைப் பார்த்திருப்பாள். எனக்கு உனக்கு என்று பங்கு கேட்டுச் சண்டை போடுகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறாள். "டீக்குக் குடுத்தது எது? காட்டுங்க."

அக்கா பையைத் திறந்து அட்டையை நீட்டினாள். டாக்டர் வாங்கிப் பார்த்ததும் முகம் மாறியது. "இது பெரிய அளவாச்சே. அவருக்கு எழுதினது இதுல பாதிதானே?"

"கடையில சின்னது இல்லேன்னான். பெருச வாங்கி உடைச்சுக் குடுங்கன்னான். உடைச்சா பொடியாகி வீணாப்போகுது. முழுசாவே குடுத்தேன்."

"முழுசாவா?" என்று கஞ்சியம்மா அலறினாள். "சாயங்காலமும் குடுத்தீங்களா?"

"கிளம்பும்போது."

"ஐயோ! வீட்டுக்கு வந்ததும் நானும் குடுத்தேனே!"

"இன்னிக்குக் காலைல?" என்றாள் டாக்டர்.

"குடுத்தேன்" என்றார்கள் இரண்டு பேரும்.

டாக்டர் அதற்கு மேல் நிற்கவில்லை. அட்டையோடு உள்ளே ஓடினாள். கேட்டிருந்தால் கிடைத்திருக்காத பதில் அத்தனையும் சண்டையில் கிடைத்துவிட்டது.

கதவு மூடிய பிறகு அக்கா மெதுவாகத் திரும்பினாள். "டீக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கஞ்சியம்மா கழுத்திலிருந்த பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கேக்கறேன்ல?"

"சட்டைப்பையில அட்ட இருந்துச்சு."

"எப்ப?"

"மழைக்கு முன்னாடி."

"அப்பவே தெரியுமா? தெரிஞ்சும் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ!"

"நீங்க என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே, குடுத்தியான்னு."

இரண்டு பேரும் பெஞ்சின் ஆளுக்கொரு முனையில் போய் உட்கார்ந்தார்கள். உருளைக்காரர் நடுவில் வந்து உட்கார்ந்தார். இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கோபம், அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கோபம். மனிதர் எதிர்ச் சுவரைப் பார்த்து, "மழை விட்டிருச்சு போல" என்று மட்டும் சொன்னார். விடவில்லை.

டாக்டர் திரும்பி வந்து, வேறு வழியாக உள்ளே போகிற மருந்தை ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னாள். ரத்த அழுத்தம் விழாமல் தாங்கிப்பிடிக்க இன்னொன்றும் கூடவே ஓடுகிறதாம். "ரெண்டு எந்திரம் ஓடுது. கை கால் சூடாகணும், சிறுநீர் இறங்கணும். அதுதான் அடையாளம். அதுவரைக்கும் நான் எந்த வாக்கும் குடுக்கமாட்டேன்."

உருளைக்காரர் டீயும் பன்னும் வாங்கி வந்தார். "சாப்பிடுக்கா, மயங்கி விழுந்தா உன்னையும் நாங்கதான் தூக்கணும்" என்று வற்புறுத்தியதில் அக்கா பாதிப் பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துத் தின்றாள். கஞ்சியம்மா தன் பங்கைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். டீயில் ஆடை கட்டியது.

முறை போட்டு உள்ளே போனார்கள். பாஸைக் கழற்றிக் கொடுக்கும்போதும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. அக்கா போய்விட்டு வந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவாள். அவர் மயக்கத்தில்தான் இருக்கிறார், ஒன்றும் பேசியிருக்க முடியாது என்று தெரிந்தும் கஞ்சியம்மாவுக்கு மனசு கேட்காது. உள்ளே என்ன நடந்ததோ, அக்கா கையைப் பிடித்தபோது விரல் அசைந்ததோ என்னவோ என்று கிடந்து புழுங்குவாள். சாகக் கிடக்கிற மனிதரின் மயக்கத்தைக்கூடப் பங்குபோட அவளுக்கு மனமில்லை.

மறுநாள் வெயில் ஏறுகிற நேரத்தில் அக்கா உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"ஒண்ணுக்குப் போயிட்டான்!"

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"நெசமாவா அண்ணி?"

"பை ரொம்பிடுச்சு! நர்ஸ் காட்டுனா. ரொம்பி வழியுது!"

"கை?"

"கதகதன்னு இருக்கு. கால் இன்னும் கொஞ்சம் சில்லுனுதான்."

ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிடித்தது தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். உருளைக்காரர் வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

கொஞ்சம் கொஞ்சமாக மருந்தின் அளவைக் குறைத்தார்கள். ஓர் எந்திரத்தை நிறுத்தினார்கள். இன்னொன்று மட்டும் மெல்ல ஓடியது. முகமூடியைக் கழற்றி மூக்கில் குழாய் வைத்த அன்று, "முழிச்சுட்டார், பேசலாம். ஆனா ரொம்பப் பேசவைக்காதீங்க" என்று நர்ஸ் வந்து சொன்னாள். பாஸ் அப்போது கஞ்சியம்மா கழுத்தில் இருந்தது. அக்கா எழுந்து நின்றாள், கையை நீட்டவில்லை, நின்றாள். கஞ்சியம்மா பார்க்காதது போல உள்ளே போய்விட்டாள். இந்த முறையை மட்டும் விட்டுக்கொடுக்க அவள் என்ன மகானா?

வெள்ளை சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, தாடி நரைத்து, இருந்ததைவிடச் சிறுத்துத் தெரிந்தார். அவளைப் பார்த்ததும் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். என்ன சொல்லப்போகிறார் என்று அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"அக்கா சாப்பிட்டாளா?"

கஞ்சியம்மா நிமிர்ந்தாள். செத்துப் பிழைத்து வந்த மனிதரின் முதல் வார்த்தை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, அந்த எந்திரத்தைப் பிடுங்கி எறியலாமா என்றும் வந்தது.

"சாப்பிட்டாங்க" என்றாள். பிறகு குரலை அடக்கி, "ஏங்க, ஒண்ணு கேக்கறேன். அவங்க குடுத்ததும் நான் குடுத்ததும் ஒரே மாத்திரைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கண்ணை மூடித் திறந்தார். "தெரியும்."

"தெரிஞ்சா முழுங்கினீங்க?"

"யார் கைய... தட்டிவிடச் சொல்ற?"

"என் கையத் தட்டிவிட்டிருக்கலாம்ல! என்ன ஆகியிருக்கும்? கோவிச்சுக்கிட்டுக் கொஞ்ச நாள் பேசாம இருந்திருப்பேன். அவ்வளவுதானே?"

"அதான். நீ தாங்கிப்ப." மூச்சு வாங்கிக்கொண்டார். "அவ தாங்கமாட்டா. அவளுக்கு நான் ஒருத்தன்தானே இருக்கேன்."

"எனக்கு எத்தனை பேர் இருக்காங்க?"

அவர் எந்திரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது மருந்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. கஞ்சியம்மாவுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. நோயாளி, பேசவைக்கக்கூடாது என்பதெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"கண்ணத் தொறந்ததும் அக்கா சாப்பிட்டாளான்னு கேக்கத் தெரியுது. வாசல்ல நானும்தான் கிடக்கேன். நான் சாப்பிட்டேனான்னு ஒரு வார்த்த கேக்கத் தோணலியே உங்களுக்கு."

வெள்ளை அவளையே பார்த்தார். பலவீனமான கைதான், அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. கை சூடாக இருந்தது.

"நீ சாப்பிட்டிருக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றார். "தெரியாததத்தானே கேப்பாங்க."

கஞ்சியம்மா அப்படியே நின்றாள். நர்ஸ் வந்து, "போதும்மா, வெளிய ஒருத்தங்க காத்திட்டிருக்காங்க" என்று தோளைத் தொடும்வரை நின்றாள்.

வெளியே வந்தபோது அக்கா கதவை ஒட்டியே நின்றுகொண்டிருந்தாள். பாஸை வாங்கக்கூட மறந்து, "பேசினானா?" என்றாள். "என்னக் கேட்டானா?"

"கேட்டார்" என்றாள் கஞ்சியம்மா. பாஸைக் கழற்றி அவளே அக்கா கழுத்தில் மாட்டிவிட்டாள். "மொதல்ல உங்களத்தான் கேட்டார். அக்கா சாப்பிட்டாளான்னு."

அக்காவின் முகம் மலர்ந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டடி வைத்தவள் என்ன நினைத்தாளோ, நின்று திரும்பினாள். அவளுக்கும் இரக்கம் இல்லாமல் இல்லை. ஜெயித்தபின் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாமே.

"உன்ன?"

"என்னக் கேக்கல" என்றாள் கஞ்சியம்மா.

அதை இத்தனை பெருமையாக ஏன் சொல்கிறாள் என்று அக்காவுக்கு விளங்கவில்லை. உள்ளே போகிறவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.